இன்ஜின் கழுவ எது தேறும், எது தோலை உரிக்கும்

பைக் இன்ஜினுக்கென்று விற்கிற எந்தக் கேனை எடுத்தாலும், என்ன அழுக்கைப் போக்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். எந்தப் பூச்சைத் தின்னும் என்று மட்டும் போட்டிருக்காது. வாட்டர் சர்வீஸ் முடிந்து பளிச்சென்று வந்த வண்டியின் க்ளட்ச் கவர் ஒரே வாரத்தில் சாம்பல் பூத்துப் போவதற்கும், கறுப்பு இன்ஜின் சுண்ணாம்பு அடித்தது போல வெளுப்பதற்கும் காரணம் அழுக்கு இல்லை, அழுக்கை எடுத்த சரக்குதான்.

தமிழ்நாட்டில் பைக் வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கையில் எடுக்கிற சரக்குகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கேள்வியோடு இங்கே பார்க்கலாம்: இன்ஜினின் தோலுக்கு என்ன ஆகும்? முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காசு கொடுத்து வாங்கத் தகுந்தவை இரண்டுதான். எண்ணெய்ப் பிசுக்குக்கு மினரல் டர்பென்டைன் (கிடைத்தால் மண்ணெண்ணெய்), மண்ணுக்கும் தூசிக்கும் காரம் இல்லாத வண்டி ஷாம்பு. டபிள்யூடி-40க்கு ஒரு சின்ன வேலை உண்டு. மற்றதில் பாதி தேவையில்லாதது, மீதி ஆபத்தானது.

ஒரே இன்ஜினில் நாலு தோல்

சரக்கைப் பற்றிப் பேசும் முன் எதன் மேல் போடப்போகிறோம் என்று தெரிய வேண்டும். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் பேரல் இரும்பு, பெயின்ட் போன இடத்தில் துரு பிடிக்கும். பக்கக் கவர்கள் பஃப் செய்து மெருகேற்றிய அலுமினியம். பெண்ட் பைப்பும் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகிற குழாய்) சைலன்சரும் க்ரோம். இப்போது வருகிற வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜின் முழுக்கக் கறுப்போ வெள்ளியோ பூசியிருப்பார்கள். பளபளக்கும் கவர் இருந்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத லேக்கர் ஒரு கோட் இருக்கும். இந்த நாலுக்கும் ஒரே மருந்து கிடையாது. க்ரோமுக்குக் கெடுதல் செய்யாத சரக்கு அதிலிருந்து வழிந்து பக்கத்து அலுமினியத்தில் விழுந்தால் கறை போட்டுவிடும்.

பளபளக்கும் கவரில் லேக்கர் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்வது கஷ்டம். கவரின் அடி ஓரத்தில், வெளியே தெரியாத இடத்தில், வெள்ளை பனியன் துணியில் பட்டாணி அளவு மெட்டல் பாலிஷ் எடுத்து இருபது தடவை தேய்த்துப் பாருங்கள். துணி கன்னங்கரேலென்று ஆனால் அது வெறும் அலுமினியம். கறுக்காமல் பாலிஷின் நிறத்திலேயே இருந்தால் லேக்கர் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே பாலிஷ் வேலையை நிறுத்திவிட வேண்டியதுதான். இந்தச் சோதனை பளபளக்கும் கவருக்கு மட்டும். கறுப்புப் பெயின்ட்டில் செய்தால் பெயின்ட்டே துணிக்கு வந்து உங்களைக் குழப்பும், மேட் பிளாக்காக இருந்தால் தேய்த்த இடம் மினுங்கி நிரந்தரத் திட்டாகிவிடும்.

அலுமினியத்தின் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் புரியும். அதன் மேல் இயற்கையாகவே மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. உலோகத்தைக் காப்பது அதுதான். பிஎச் (அமிலமா காரமா என்று காட்டுகிற அளவு) சுமார் 4 முதல் 8.5 வரை அது தாக்குப்பிடிக்கும். அமிலம் அதிகமானாலும் கரையும், காரம் அதிகமானாலும் கரையும். வீட்டில் அலுமினியப் பாத்திரத்தில் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்தவர்களுக்கு அது எப்படிக் கறுக்கும் என்று தெரியும். இன்ஜின் கவரும் அதே உலோகம்தான், கூடுதலாகச் சிலிக்கான் கலந்த வார்ப்பு. காரம் பட்டால் அலுமினியம் கரைந்துபோய், கரையாத சிலிக்கானும் மற்றக் கலப்புகளும் மேலே கருஞ்சாம்பல் நிறத்தில் தங்கிவிடும். அந்தச் சாம்பலைத்தான் பலர் அழுக்கு என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் அதே சரக்கைப் போட்டுத் தேய்ப்பார்கள்.

வாட்டர் சர்வீஸும் ஃபோம் வாஷும்

வேகம், வசதி இரண்டிலும் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. பெட்ரோல் டேங்க், மட்கார்டு, சக்கரம் இவற்றுக்குத் தாராளமாகப் போகலாம். இன்ஜினுக்கு என்றால் மூன்று சிக்கல் இருக்கிறது.

முதலாவது ஃபோம். பிங்க், நீலம், மஞ்சள் என்று எந்த நிறத்தில் வந்தாலும் நிறத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தம் இல்லை. லேபிள் இல்லாத 5 லிட்டர், 20 லிட்டர் கேனில் சில்லறையாக வருகிற சரக்கில் காஸ்டிக் (கடுங்காரம்) இருக்கிறதா என்பது அதைக் கலந்தவருக்குத்தான் தெரியும். கிரீஸ் சட்டென்று கரைகிறது என்றால் சந்தேகப்படுங்கள். காரம் கிரீஸை எடுக்கிற அதே வேகத்தில் அலுமினியத்தையும் கரைக்கும். லேக்கரின் ஓரம் வழியாக உள்ளே புகுந்து அதைத் தூக்கியும் விடும். சக்கரம் வெளுக்க என்று அமிலம் கலந்த சரக்கும் சில இடங்களில் உண்டு. அது இன்ஜின் பக்கமே வரக்கூடாது.

கடைக்காரரிடம் கேட்டால் "எல்லா வண்டிக்கும் இதைத்தான் சார் போடறோம்" என்பார். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நீங்களே பார்க்கலாம். அவர் கலந்து வைத்திருக்கிற சரக்கில் இரண்டு மூடி அளவு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வாங்குங்கள். சாப்பாடு மடிக்கிற அலுமினியத் தாளில் தீப்பெட்டி அளவு கிழித்து அதில் முக்கி 15 நிமிடம் வையுங்கள். தாளின் மேல் பொடிப்பொடியாகக் குமிழி கட்டினாலோ, பளபளப்பு மங்கினாலோ அந்தச் சரக்கு இன்ஜினுக்கு ஆகாது. குமிழி என்பது அலுமினியம் கரையும்போது வெளிவருகிற ஹைட்ரஜன். பிஎச் தாளும் உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. காரம் அதிகமாக இருந்தும் சிலிகேட் சேர்த்து அலுமினியத்தைக் கடிக்காதபடி செய்த க்ளீனர்கள் உண்டு. அலுமினியத் தாள் பொய் சொல்லாது.

இரண்டாவது டீசல். சில இடங்களில் கம்ப்ரெசரில் டீசலைப் பொகை மாதிரி அடித்து, பிறகு தண்ணீர் விடுவார்கள். இன்ஜின் கருகருவென்று புதுசு போல் தெரியும். அது சுத்தமில்லை, மேலே தங்கிய எண்ணெய்ப் படலம். இரண்டு நாளில் ரோட்டுத் தூசி முழுக்க அதில் ஒட்டி, முன்பு இருந்ததைவிட மோசமான பிசுக்காகும். அதைவிடப் பெரிய விஷயம், காற்றில் பறக்கிற டீசல் டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் படிவது. எண்ணெய் குடித்த பேடை எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது தண்ணீரின் அழுத்தம். சின்ன வீட்டு வாஷரே 100 பாருக்கு மேல் தள்ளும். அதை ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் பொரிந்த பெயின்ட்டை உரித்துவிடும், கியர் ஷாஃப்ட் ஆயில் சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளும், ரேடியேட்டர் உள்ள வண்டியில் அதன் தகடுகளை மடக்கிவிடும். இரண்டடி தள்ளிப் பிடித்து, விசிறி போல விரிகிற நாசிலில் அடித்தால் பரவாயில்லை. ஸ்பார்க் ப்ளக் உட்கார்ந்திருக்கிற குழிக்குள் மட்டும் நேராக அடிக்க விடக்கூடாது. பல இன்ஜின்களில் அந்தக் குழிக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும். அது மண் அடைத்துக் கிடந்தால் தண்ணீர் தேங்கி, மறுநாள் காலை வண்டி இருமும்.

போயே ஆக வேண்டும் என்றால் இப்படிச் சொல்லுங்கள்: "இன்ஜினுக்கு ஃபோமும் வேண்டாம், டீசலும் வேண்டாம். தள்ளி நின்னு வெறும் தண்ணி மட்டும் அடிங்க." முக்கால்வாசி இடங்களில் கேட்பார்கள். வண்டிச் சூடு ஆறும்வரை நிறுத்திவைத்துவிட்டுப் போடச் சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள், வரிசையில் அடுத்த வண்டி நிற்கும். இன்ஜினுக்கு மட்டும் மதிப்பெண்: பத்துக்கு மூன்று.

மண்ணெண்ணெயும் அதன் சொந்தக்காரர்களும்

எண்ணெயை எண்ணெயால்தான் எடுக்க வேண்டும் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது சரி. கிரீஸும் செயின் லூப்பும் (செயினுக்குப் போடுகிற மசகு) இன்ஜின் ஆயிலும் மண்ணெண்ணெயில் கரையும். அதற்குக் காரமும் இல்லை, அமிலமும் இல்லை, அலுமினியத்தைத் தொடாது. கம்பெனியில் சூட்டில் இறுக்கிய பெயின்ட், பவுடர் கோட், லேக்கர், க்ரோம் எல்லாம் தாங்கும். ஓ-ரிங் செயினுக்கும் (இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ள செயின்) ஆகும். தாங்காதது ஒன்று உண்டு, நாமே ஸ்ப்ரே கேன் வாங்கி டச்-அப் அடித்த இடம். ஊற விட்டால் அது இளகும். ஸ்டிக்கர் ஓரமும் தூக்கிக்கொள்ளும்.

ரப்பர் விஷயத்தில் எல்லா ரப்பரையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. ஆயில் சீல்கள் எண்ணெயோடு வாழச் செய்தவை, ஒன்றும் ஆகாது. பிரேக் காலிப்பருக்குள் (பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம்) இருக்கும் ரப்பர் வேறு வகை. அது பிரேக் ஆயிலுக்காகச் செய்தது, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். அதனால் காலிப்பர், பிரேக் ஹோஸ் பக்கம் மண்ணெண்ணெய் பிரஷைக் கொண்டுபோகாதீர்கள்.

ரேஷனில் மண்ணெண்ணெய் குறைந்துபோன பிறகு கைக்கு எளிதில் கிடைப்பது பெயின்ட் கடையில் விற்கிற மினரல் டர்பென்டைன். இந்த வேலைக்கு உண்மையில் இதுதான் மேல். பிசுக்கை அதே அளவு கரைக்கும், நாற்றம் கொஞ்சம் குறைவு, எண்ணெய்ப் படலம் அதிகம் விடாமல் காய்ந்துபோகும். கேட்கும்போது "டர்பென்டைன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தின்னர் என்று வாயில் வந்துவிட்டால் கடைக்காரர் என்.சி. தின்னரை எடுத்துக் கொடுத்துவிடுவார். அது லேக்கரையும் டச்-அப்பையும் வழித்தெடுத்துவிடும். இரண்டும் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

பெட்ரோலை இதற்குத் தொடவே வேண்டாம். சின்னப் பொறி போதும், பேட்டரி முனையில் ஸ்பேனர் உரசினாலும் பற்றும். மண்ணெண்ணெயையும் லேசாக நினைத்துவிடக் கூடாது. 40 டிகிரிக்குப் பக்கத்தில் அதிலிருந்தும் பற்றக்கூடிய ஆவி கிளம்பும், டர்பென்டைனும் ஏறக்குறைய அப்படியே. சித்திரை வெயிலில் நிற்கிற வண்டியே அந்தச் சூட்டைத் தாண்டும், ஓட்டி வந்த இன்ஜினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நிழலில், காற்றோட்டத்தில், கை வைத்தால் குளிர்ந்திருக்கிற இன்ஜினில் மட்டும் செய்ய வேண்டிய வேலை இது.

பத்துக்கு மதிப்பெண்: டர்பென்டைன் எட்டரை, மண்ணெண்ணெய் எட்டு, டீசல் நாலு. டீசலும் பிசுக்கைக் கரைக்கத்தான் செய்யும். பிறகு டீசலை எடுக்க இன்னொன்று வேண்டும்.

ஸ்ப்ரே கேன்கள்

டபிள்யூடி-40 அமெரிக்காவின் சான் டியேகோவில் 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தது. பெயரில் உள்ள 40, நாற்பதாவது முயற்சியில் சரிவந்த கலவை என்பதைக் குறிக்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் டர்பென்டைன் வகைக் கரைப்பானும் கொஞ்சம் எண்ணெயும். அதனால் அது செய்வதை டர்பென்டைன் கால்வாசிச் செலவுக்கும் குறைவாகச் செய்துவிடும். முழு இன்ஜினையும் அதில் கழுவுவது பன்னீரில் பாத்திரம் தேய்ப்பது மாதிரி.

அதற்கென்று இரண்டு இடம் இருக்கிறது. சின்னப் பல்சக்கரத்தின் கவருக்குப் பின்னால் செயின் லூப் தெறித்து மெழுகாக இறுகிய மூலை ஒன்று. அங்கே குழாயை மாட்டி அடித்து, 10 நிமிடம் விட்டு, ஐஸ் குச்சியால் சுரண்டினால் கட்டியாக வரும். இன்னொன்று தார். கோடையில் புதிதாகத் தார் போட்ட ரோட்டில் போய் வந்த வண்டியின் கிராங்க் கேஸ் (இன்ஜினின் கீழ்க்கூடு) அடியில் ஒட்டிய புள்ளிகள் இதில் தேய்க்காமலே இளகும். எங்கே அடித்தாலும் கடைசியில் ஷாம்புத் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தூசிப் பொறிதான். டிஸ்க்கில் பட்டால் என்ன ஆகும் என்பதை மேலேயே சொன்னோம்.

செயின் க்ளீனர் ஸ்ப்ரேக்களை இன்ஜின் மேல் அடிப்பதில் பெரிய தவறில்லை, பெரிய லாபமும் இல்லை. பிரேக் க்ளீனர் வேறு ரகம். டிஸ்க்குக்காகச் செய்த கடுமையான கரைப்பான் அது. பெயின்ட்டை மங்கவைக்கும், பிளாஸ்டிக் கவரை வெளுக்கவைக்கும், ஓ-ரிங்கைக் காயவைக்கும். பேக்கிங் (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கிற தாள்) மாற்றும்போது ஜாயின்ட் முகத்தைத் துடைக்க நல்ல சரக்கு. வெளித்தோலுக்கு வேண்டாம்.

சோப்புகள்

வண்டி ஷாம்பு என்று எழுதி, பிஎச் நடுநிலை என்றும் குறிப்பிட்டிருந்தால் எந்தக் கம்பெனி என்பது பெரிய விஷயமில்லை. 2 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி போதும். மெழுகு கலந்தது வேண்டாம். ஃபின்ஸ் (சிலிண்டரைச் சுற்றிச் சூட்டைத் தணிக்கிற தகடுகள்) சூட்டில் மெழுகு நிற்காது.

பாத்திரம் தேய்க்கிற லிக்விட் அவசரத்துக்கு ஆகும். கையில் எரியாமல் இருக்க வேண்டும் என்று செய்வதால் காரம் பெரும்பாலும் குறைவு. சிலவற்றில் கெட்டியாவதற்கு உப்புச் சேர்ப்பார்கள், அதனால் நன்றாக அலசிவிட வேண்டும். மிஞ்சிய உப்பு போல்ட் தலையடியில் தங்கினால் அங்கேதான் வெள்ளைப் பூப் பூக்கும்.

துணி துவைக்கிற பவுடர் கூடவே கூடாது. அதில் சலவைச் சோடா இருக்கிறது. பக்கெட்டில் ஒரு கைப்பிடி பவுடரைப் போட்டு வண்டி கழுவுகிற வழக்கம்தான் நம் ஊரில் கவர்களைக் கெடுப்பதில் முதலிடம். ஃபோம் வாஷுக்கும் முன்னாலிருந்தே நடப்பது. ஆப்ப சோடாவின் காரம் லேசானது, அதற்காகப் பசை மாதிரி குழைத்துத் தேய்த்தால் தூளே உராய்ந்து மங்கும். புளி, எலுமிச்சை, உப்பு எல்லாம் பித்தளைக் குத்துவிளக்குக்குத்தான் சரி. டாய்லெட் க்ளீனர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் ஒரு துளி பட்ட க்ரோமில் புள்ளி விழும், அலுமினியம் நுரைக்கும்.

கழுவுகிற முறை

தேவையானது: டர்பென்டைன் 200 மில்லி, ஷாம்பு 40 மில்லி, ஒரு அங்குலப் பெயின்ட் பிரஷ் ஒன்று, இரண்டு அங்குலம் ஒன்று, பழைய மென்மையான டூத் பிரஷ், பால் பாட்டில் கழுவுகிற பிரஷ், நாலைந்து ஐஸ் குச்சி, அரைக் கிலோ வெள்ளை பனியன் வேஸ்ட். திருப்பூர்ப் புண்ணியத்தில் பனியன் வேஸ்ட் எல்லா ஸ்பேர்ஸ் கடையிலும் கிலோக் கணக்கில் கிடைக்கும். தையலும் எலாஸ்டிக்கும் உள்ள துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். பெயின்ட் பிரஷின் தகரப் பட்டையைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டாமல் ஆரம்பிக்காதீர்கள். ஃபின்ஸ் இடுக்கில் வேலை செய்யும்போது பெயின்ட்டைக் கீறுவது பிரஷின் மயிரில்லை, அந்தத் தகரம்தான்.

ஏர் ஃபில்டர் வாய், சைலன்சர் வாய், ஹார்ன், சாவித் துவாரம், காயில், ஒயர் கப்ளர்கள் இவற்றைப் பாலிதீனும் ரப்பர் பேண்டும் போட்டு மூடுங்கள். டிஸ்க், காலிப்பர் இரண்டையும் பழைய துணியால் சுற்றுங்கள். வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டு, மேலே மரத்தூளோ மணலோ தூவினால் வழிகிற எண்ணெய் கிணற்றடிக்கோ சாக்கடைக்கோ போகாது.

முதலில் தண்ணீர் விடக் கூடாது. காய்ந்த செம்மண்ணைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். நனைத்தால் அது உப்புத்தாள் ஆகிவிடும், அப்புறம் தேய்க்கிற ஒவ்வொரு இழுப்பும் கீறல். இடுக்கில் இறுகிய மண் கட்டியை ஐஸ் குச்சியால் எடுங்கள், ஸ்க்ரூ டிரைவரால் வேண்டாம்.

பிறகு டர்பென்டைன். கிண்ணத்தில் 50 மில்லி ஊற்றி, பிரஷைத் தோய்த்து, பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் தடவுங்கள். வெறும் தூசி படிந்த ஃபின்ஸுக்கு இது தேவையே இல்லை. ஐந்து நிமிடம் ஊறட்டும், காய விடாதீர்கள். டூத் பிரஷால் சுற்றிவிட்டு, வழிகிற கறுப்புத் தண்ணியைத் துணியால் ஒற்றி எடுங்கள். கிண்ணத்தில் மிஞ்சியது கறுத்ததும் கொட்டிவிட்டுப் புதிதாக 50 மில்லி ஊற்ற வேண்டும். கறுத்த டர்பென்டைனால் கழுவினால் பிசுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது.

அடுத்த கட்டத்தில்தான் நிறையப் பேர் தவறுவார்கள். டர்பென்டைன் தடவிய இடத்தில் நேராகத் தண்ணீர் விட்டால் எண்ணெய் முத்து முத்தாக நின்று திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்கு முன்னால், கெட்டி ஷாம்புவில் 20 மில்லியை அப்படியே பிரஷில் எடுத்து அந்த ஈரத்தின் மேலேயே தேயுங்கள். பால் போல வெளுக்கும். அப்படி வெளுத்தால்தான் எண்ணெய் தண்ணீரோடு போகத் தயாராகிவிட்டது என்று தெரியும். அதன் பிறகு மீதி ஷாம்புவைக் கலந்த 2 லிட்டர் தண்ணீரால் மேலிருந்து கீழாக முழு இன்ஜினையும் கழுவி, பூவாளியிலோ அழுத்தம் இல்லாத ஹோஸிலோ அலசுங்கள். பாட்டில் பிரஷ் ஃபின்ஸ் இடுக்குகளுக்கு, குறுக்கே இல்லாமல் இடுக்கின் போக்கிலேயே.

கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். உப்புத் தண்ணீர் காய்ந்தால் கறுப்பு இன்ஜினில் வெள்ளை வளையம் விழும், சூடான இன்ஜினில் அது இன்னும் இறுகும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் அதைவிட மோசம், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏ.சி. குழாயில் சொட்டுகிற தண்ணீரை ஒரு வாளி பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த தண்ணீர் என்பதால் உப்பே இருக்காது. மழைத் தண்ணீரும் அப்படித்தான்.

துணியால் ஒற்றி, ப்ளக் குழியையும் போல்ட் தலைகளையும் பஞ்சர் கடைக் காற்றால் ஊதி, உறைகளையெல்லாம் எடுத்துவிட்டு, இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். செயினில் லூப் போடுங்கள். ரோட்டில் இறங்கும் முன் இரண்டு பிரேக்கையும் மெதுவான வேகத்தில் நாலைந்து தடவை பிடித்துப் பார்ப்பது கட்டாயம்.

பாலிஷும் பச்சை ஸ்க்ரப்பரும்

லேக்கர் இல்லாத அலுமினியக் கவருக்கு ஆட்டோசால் பேஸ்ட் நன்றாகவே வேலை செய்யும். ஒரு கவருக்குச் சுண்டைக்காய் அளவு போதும். வட்டமாகத் தேய்க்காமல் பழைய பஃபிங் கோடு போகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். பிராசோவும் பளபளப்புத் தரும், ஆனால் அது திரவம். எழுத்துப் பொறித்த இடம், ஸ்க்ரூ குழி எல்லாவற்றிலும் புகுந்து காய்ந்து வெள்ளையாக நிற்கும், எடுக்க டூத் பிரஷும் பொறுமையும் வேண்டும். பாலிஷ் போட்ட அலுமினியம் மழைக்காலத்தில் மறுபடி மங்கத்தான் செய்யும். அது பாலிஷின் குறை இல்லை, லேக்கர் இல்லாத அலுமினியத்தின் இயல்பு. அனோடைஸ் செய்த கலர் பாகங்களுக்கு எந்தப் பாலிஷும் கிடையாது. கலர் இருப்பதே மேல் படலத்தில்தான்.

பச்சை ஸ்க்ரப்பர் பாத்திரத்துக்கே கீறல் போடும். இன்ஜினுக்கு எப்போதும் இல்லை. இரும்புக் கம்பிப் பஞ்சு அதைவிடக் கெடுதல். அதன் தூள் அலுமினியத்தில் பதிந்து, அடுத்த மழையில் செம்புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

எந்தச் சரக்காலும் தீராத ஒரு கோளாறைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அதற்காகவே ஐந்து கேன் வாங்கிவிடுவீர்கள். லேக்கர் போட்ட கவரில் போல்ட் ஓரத்திலிருந்தோ கல் தெறித்த இடத்திலிருந்தோ வெள்ளையாகப் புழு ஊர்ந்த தடம் போல் கோடுகள் கிளம்பும். தூத்துக்குடி, ராமேஸ்வரம், சென்னைக் கடற்கரை ஓரத்து வண்டிகளில் சர்வ சாதாரணம். உப்பு ஈரம் லேக்கருக்கு அடியில் புகுந்து அலுமினியத்தை அரித்துக்கொண்டே போவதால் வருவது. மேலே என்ன போட்டுத் தேய்த்தாலும் கை கண்ணாடி மாதிரியான லேக்கரைத்தான் தேய்க்கிறது, தடம் அடியில் இருக்கிறது. கவரைக் கழற்றி, பழைய லேக்கரை முழுக்க எடுத்து, பஃப் செய்து, மறுபடி லேக்கர் அடிக்க வேண்டும். அதைச் செய்யும்வரை தடம் தொடங்கிய முனையில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுவைத்தால் வேகம் குறையும்.

பெண்ட் பைப்பில் உருகி ஒட்டிய செருப்பு ரப்பருக்கும் பாலிதீனுக்கும் அடுப்பு க்ளீனர் அடிக்கச் சொல்வார்கள். க்ரோம் தாங்கலாம், ஆனால் அது காஸ்டிக், வழிந்து கிராங்க் கேஸில்தான் விழும். பைப்பை லேசாகச் சூடாக்கி, மூங்கில் குச்சியால் சுரண்டிவிட்டு, மிச்சத்தை டர்பென்டைனால் எடுக்கலாம், அதற்குள் பைப் முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

டாஷ்போர்டு பாலிஷை இன்ஜினுக்கு அடித்துக் கறுப்பாக்குகிற பழக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது. சூட்டில் நாறும், தூசியை இழுக்கும், ஃபுட்ரெஸ்ட்டில் தெறித்தால் கால் வழுக்கும். மேட் பிளாக் வெளிறித் தெரிந்தால் பெரும்பாலும் அது காய்ந்த ஷாம்புவும் உப்பும்தான். ஏ.சி. தண்ணீரில் இன்னொரு அலசல் போதும்.

கழுவிய ஒரு வாரத்தில் ஒரே இடத்தில் மட்டும் மறுபடி பிசுக்குக் கட்டினால் க்ளீனரைக் குறை சொல்லாதீர்கள். அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, முகப்பவுடரை லேசாகத் தூவி, வண்டியை நிறுத்தி வைத்தபடியே பத்து நிமிடம் இன்ஜினை ஓட விடுங்கள். பவுடர் நனைந்து கோடு எங்கே தொடங்குகிறதோ, மாற்ற வேண்டிய பேக்கிங்கோ ஆயில் சீலோ அங்கேதான் இருக்கிறது.